விக்டரி மாதிரிக் கப்பல்: தொலைந்த, உடைந்த ஃபிட்டிங்ஸுக்கு மாற்று தேடுவதும் செய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் மாதிரி கட்டுகிறவர்களில் பலர் என்றாவது ஒருநாள் கை வைக்கும் கப்பல் எச்.எம்.எஸ். விக்டரி. 1765-இல் இங்கிலாந்தின் சாத்தம் துறையில் நீரில் இறங்கியது. 1805 டிராஃபால்கர் சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பல். 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. இத்தாலி, பிரான்ஸ், டென்மார்க், பிரிட்டன் என்று பல நாட்டுக் கம்பெனிகள் இதற்குக் கிட் (பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கும் தொகுப்பு) போட்டிருப்பதால், கேள்விகளும் இதைச் சுற்றியே அதிகம் வருகின்றன. அதனால் கீழே உள்ள உதாரணமெல்லாம் விக்டரிதான். கணக்கு வேறு கப்பலுக்கும் செல்லும்.

ஃபிட்டிங்ஸ் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

கப்பலின் உடலும் பாய்மரங்களும் போக, பெட்டியில் சின்னச் சின்னப் பைகளில் வரும் அத்தனையும். பீரங்கி, அதன் வண்டி, நங்கூரம், கப்பி, ஐபோல்ட் (தலையில் வளையமுள்ள ஆணி), ஏணி, விளக்கு, சுக்கான் சக்கரம், செப்புத் தகடு, கயிறு.

மூன்று சாமான்களை மட்டும் விளக்கிவிடுகிறேன், கீழே அடிக்கடி வரும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கனத்த கயிறு ஷ்ரவுட். அதன் கீழ்முனையில் இருக்கும், மூன்று துளை போட்ட வட்ட மரம் டெட்ஐ. ஒரு டெட்ஐ ஷ்ரவுடில், இன்னொன்று கப்பலின் பக்கவாட்டில். நடுவே சன்னக் கயிறு கோத்து இறுக்கினால் ஷ்ரவுட் விறைக்கும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளின் முனையைச் சுற்றிக் கட்டும் முளைக்குப் பிலேயிங் பின் என்று பெயர்.

புதுக் கிட்டைப் பிரித்தேன், ஒரு சாமான் குறைகிறது. என்ன செய்ய?

முதலில் இன்னொரு முறை எண்ணுங்கள். எல்லாப் பைகளையும் கொட்டி, பாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, குறைவதை அதன் எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தயாரிப்பாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கிட்டின் பெயர், ஸ்கேல் (1:72 என்றால் உண்மைக் கப்பலில் 72-இல் ஒரு பங்கு), பாக எண், பெட்டியில் உள்ள சீட்டின் படம், வாங்கிய ரசீது. விற்ற கடைக்காரரை விடத் தயாரிப்பாளர்தான் சாமானைக் கையில் வைத்திருப்பவர். புதுக் கிட் என்றால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

எண்ணும் வேலையைப் பெட்டி வந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். விக்டரி கட்ட வருடக்கணக்கில் ஆகும். கப்பி குறைகிறது என்று நான்காவது வருடம் எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள்.

தயாரிப்பு நின்றுபோன பழைய கிட். கம்பெனியே இல்லை. எங்கே தேடுவது?

கம்பெனி போனாலும் கிட் சில சமயம் வேறு கைக்கு மாறியிருக்கும். இத்தாலியின் மாமோலி தொழிற்சாலை தீ விபத்தில் அழிந்தது. பிறகு செக் நாட்டின் டூசெக் நிறுவனம் அந்தக் கிட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தது. எனவே பழைய பெட்டியில் உள்ள பெயரோடு நிற்காமல், அந்தப் பெயர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, கிட் இல்லாமல் ஃபிட்டிங்ஸ் மட்டும் விற்கும் இடங்கள். இத்தாலியின் அமாட்டி, பிரிட்டனின் கால்டர்கிராஃப்ட், அமெரிக்காவின் புளூஜாக்கெட் மூவரும் தனிச் சாமான் விற்பவர்கள். பிளாஸ்டிக் கிட் என்றால் செக் நாட்டு ஹிஸ்மாடல் நல்ல இடம். ஹெல்லர் போன்ற கம்பெனிகளின் பிளாஸ்டிக் கப்பல்களுக்கு என்றே மரக் கப்பியும் துணிப்பாயும் தருகிறார்கள். பாதி கட்டி விட்டுவிட்ட கிட்டுகள் பழைய சாமான் ஏலத் தளங்களில் மலிவாக வரும். அதிலிருந்து பீரங்கிகளை மட்டும் எடுத்துக்கொள்வதும் ஒரு வழி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘அதே சாமான்’ வேண்டும் என்று தேடுவதில்தான் நேரமும் பணமும் அதிகம் வீணாகிறது. தேட வேண்டியது சரியான அளவுள்ள சாமானை. கிட்டோடு வந்ததே பல இடங்களில் தப்பான அளவில் இருக்கும். தொலைந்துபோனதைச் சாக்காக வைத்துச் சரியானதைப் போட்டுவிடலாம்.

சரியான அளவு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மைக் கப்பலில் இருந்த அளவை மில்லிமீட்டரில் எழுதி, ஸ்கேல் எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் உண்மை அளவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதில்தான் ஆளை விழத்தட்டும் பள்ளங்கள் இருக்கின்றன.

பீரங்கியை எடுத்துக்கொள்வோம். விக்டரியின் கீழ்த்தட்டில் இருந்த 32 பவுண்டு பீரங்கியின் (பவுண்டு என்பது குண்டின் எடை) நீளம் 9 அடி 6 அங்குலம், அதாவது 2,896 மி.மீ. 1:72-இல் 40 மி.மீ., 1:78-இல் 37, 1:98-இல் 29.5. ஆனால் இந்த நீளம் பின்பக்க வளையத்திலிருந்து வாய் வரைக்கும் மட்டும். பின்னால் துருத்தி நிற்கும் குமிழ் இதில் சேராது. கடைக்காரர்கள் சொல்லும் நீளத்தில் குமிழும் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கயிறு இதைவிட மோசம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கணக்கில் கயிற்றின் அளவு என்றால் சுற்றளவு. விக்டரியின் பெரிய நங்கூரக் கயிறு 24 அங்குலம் என்று படிப்பீர்கள். அது விட்டமல்ல. 610 மி.மீ.-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 194 மி.மீ. அதை 98-ஆல் வகுத்தால் 2 மி.மீ. 1:72 என்றால் 2.7. சுற்றளவை விட்டமென்று எடுத்துக்கொண்டு 6 மி.மீ. கயிறு வாங்கினால் நங்கூரத் துளையில் நுழையாது.

டெட்ஐக்கும் கப்பிக்கும் இந்தச் சுற்றளவே திறவுகோல். ஷ்ரவுடின் சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு டெட்ஐயின் விட்டம். தடிமன், விட்டத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட. கப்பியின் நீளம், அதில் ஓடும் கயிற்றின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு. கறாரான விதி அல்ல, பழைய பட்டறைக் கணக்கு. 11 அங்குல ஷ்ரவுட் என்றால் டெட்ஐ பதினாறரை அங்குலம். 1:98-இல் 4.3 மி.மீ., 1:72-இல் 5.8 மி.மீ. மாதிரியில் 0.5 மி.மீ. கயிறு ஓடுகிறதென்றால் அதற்கு 5 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவான கப்பி.

கிட்டுகள் அதிகமாகக் கோட்டை விடும் இடம் பிலேயிங் பின். உண்மையில் அது ஒன்றரை அடிக்குப் பக்கமாக இருக்கும். 1:98-இல் 4.7 மி.மீ. பெட்டியில் வருவதோ பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. பத்து மில்லிமீட்டர் பின்னை 98-ஆல் பெருக்கிப் பாருங்கள். மாலுமியின் இடுப்பு உயரத்துக்கு ஒரு முளை!

என் கிட் 1:78. கிடைப்பதோ 1:72-க்கான பீரங்கி. போடலாமா?

வித்தியாசம் 8 சதவீதம். எல்லாப் பீரங்கியையும் சேர்த்து மாற்றினால் யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டை மட்டும் மாற்றினால் தெரியும். கோரல் கம்பெனியின் 1:98 கிட்டும் ஹெல்லரின் 1:100 கிட்டும் 2 சதவீத வித்தியாசம்தான். கவலையே வேண்டாம். பில்லிங் கம்பெனியின் 1:75 கிட்டுக்கு 1:72 சாமான் தாராளமாகப் போகும்.

என் வழக்கம் இது: சந்தேகம் வந்தால் சிறியதை எடுப்பது. சற்றே சிறிய கப்பி யாரையும் உறுத்தாது. சற்றே பெரிய கப்பி முழுக் கப்பலையும் பொம்மையாக்கிவிடும்.

போர்ட்ஸ்மவுத் கப்பலின் இன்றைய படங்களைப் பார்த்து அளவெடுக்கலாமா?

எச்சரிக்கையோடு. இன்று அங்கே நிற்பதும் மாற்றுச் சாமான் ஏறிய கப்பல்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரப் பாய்மரங்களின் அடிப்பகுதியை எடுத்துவிட்டு, ஷா என்ற இன்னொரு போர்க்கப்பலின் இரும்புப் பாய்மரங்களை வைத்தார்கள். உள்ளே இருக்கும் பீரங்கிகளில் பல, எடை குறைய வேண்டும் என்று செய்த ஃபைபர்கிளாஸ் நகல்கள். 2011-இல் மேல் பாய்மரங்களைக் கழற்றிவிட்டார்கள், அதற்குப் பிந்தைய படங்களில் கயிறமைப்பு குறைப்பட்டது. 2015-இல் பழைய பூச்சு அடுக்குகளை ஆராய்ந்து பக்கவாட்டு நிறத்தையும் மாற்றினார்கள். முன்பிருந்த மஞ்சளுக்குப் பதில் இப்போது வெளிறிய, லேசான இளஞ்சிவப்புச் சாயல். பீரங்கித் துவாரத்தின் மூடி உடைந்து புதிதாகச் செய்கிறீர்கள் என்றால், உங்கள் கப்பல் எந்த நிறத்தில் இருக்கிறதோ அதையே பூசுங்கள். படத்தைப் பார்த்துப் பூசினால் ஒரு மூடி மட்டும் வேறு நிறத்தில் பல்லை இளிக்கும்.

பீரங்கி ஒன்றே ஒன்று குறைகிறது. முழு செட் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். டிராஃபால்கரில் விக்டரியில் 104 பீரங்கிகள்: கீழ்த்தட்டில் 32 பவுண்டு 30, நடுத்தட்டில் 24 பவுண்டு 28, மேல்தட்டில் 12 பவுண்டு 30, பின்மேடையில் 12 பவுண்டு 12, முன்மேடையில் 12 பவுண்டு 2-உம் 68 பவுண்டு கரோனேடு என்ற குட்டைப் பீரங்கி 2-உம். பெரும்பாலான கிட்டுகளில் கீழ் இரண்டு தட்டுகளின் பீரங்கிகள் வாய்ப்பகுதி மட்டும்தான். உள்ளே வண்டி இருக்காது. ஆகவே வழி இருக்கிறது. அதிகம் கண்ணில் படாத ஒரு துவாரத்தின் மூடியைச் சாத்திவிட்டு, அங்கிருந்த பீரங்கியை எடுத்துக் காலி இடத்தில் வையுங்கள். ஒரு மூடி சாத்தியிருப்பதால் யாரும் சண்டைக்கு வரப் போவதில்லை.

மேல்தட்டில், எல்லாரும் குனிந்து பார்க்கும் இடத்தில் குறைந்தால் நகலெடுக்க வேண்டியதுதான். வார்ப்புக் கேள்வியைக் கீழே பாருங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விக்டரியின் பெரிய பீரங்கிகள் புளோம்ஃபீல்டு வகை. பின்குமிழுக்கு மேல் ஒரு வளையம் இருக்கும், பின்னுக்குத் துள்ளாமல் பிடிக்கும் கயிறு அதன் வழியாகப் போகும். வளையம் இல்லாத பீரங்கி இதற்கு முந்தைய கால வகை.

டெட்ஐயைக் கையால் செய்ய முடியுமா? என்னிடம் லேத் (கடைசல் இயந்திரம்) இல்லை.

முடியும். கை டிரில் மெஷினை மேஜையில் இறுக்கிக் கட்டினால் அதுதான் லேத்.

வேண்டிய விட்டத்தில் உருண்டை மரக்குச்சி ஒன்று. கடையில் அந்த அளவு கிடைக்காவிட்டால், சதுரக் குச்சியை மூலை தட்டி, தட்டார் கம்பி இழுக்கும் துளைத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு மாற்றி மாற்றி இழுங்கள். பித்தளைத் தகட்டில் வரிசையாகத் துளை போட்டு நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம்.

குச்சியை டிரில்லில் பிடித்து, மெதுவாகச் சுற்றவிட்டு, ஓரத்தில் ஊசி அரத்தால் பள்ளம் போடுங்கள். ஷ்ரவுடோ கம்பியோ வந்து உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான். விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக மழுக்குங்கள்.

பிறகுதான் மூன்று துளை. இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். கண் மதிப்பில் போட்டால் ஒன்றுபோல் ஒன்று வராது. குச்சியின் மேல் சரியாகக் கவிழும் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வாயில் மூன்று துளையுள்ள பித்தளைத் தகட்டைப் பற்றவைத்தால் ஒரு தொப்பி கிடைக்கும். அதைக் குச்சி முனையில் மாட்டி, அதன் துளை வழியாகவே துரப்பண ஊசியை இறக்குங்கள். 4 மி.மீ. டெட்ஐக்கு அரை மில்லிமீட்டர் ஊசி போதும். ஒரு டெட்ஐயின் தடிமனுக்கு மேல் ஆழமாகப் போகாதீர்கள். ஊசி மர ஓட்டத்தோடு சாய்ந்துவிடும், இரண்டாவது டெட்ஐயில் துளைகள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். துளைத்ததும் மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, அடுத்ததற்குப் பள்ளம் போடத் தொடங்குங்கள்.

துளை ஓரங்களைச் சற்றுப் பெரிய ஊசியால் லேசாகச் சீவிவிட்டால் கயிறு அறுபடாது. கட்டும்போது கீழ் டெட்ஐயில் ஒற்றைத் துளை கீழே, மேல் டெட்ஐயில் ஒற்றைத் துளை மேலே. இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றுபோல் வர, ‘ப’ வடிவில் வளைத்த கம்பியின் இரு முனைகளை இரண்டு டெட்ஐகளின் துளைகளிலும் செருகிவைத்துவிட்டு ஷ்ரவுடைக் கட்டுங்கள்.

ஒரு பாய்மரத்தின் ஒரு பக்க வரிசையில் ஒன்று உடைந்தால் வரிசை முழுவதையும் மாற்றுவதுதான் என் பரிந்துரை. கையால் செய்த ஒன்று, கடையில் வாங்கிய எட்டுக்கு நடுவே நின்றால் அதுதான் முதலில் கண்ணில் படும். உடைந்தது ஒன்று, செய்தது ஒன்பது என்று அலுத்துக்கொள்ளலாம். முதல் மூன்றுக்குப் பிறகு கை பழகிவிடும்.

இதற்கு என்ன மரம்?

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் பாக்ஸ்வுட், பேரிமரம் என்று சொல்லும். இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. சென்னபட்டணப் பொம்மைகள் கடைவது வெட்பாலை மரத்தில். ஓட்டம் நெருக்கம், நிறம் தந்தம்போல, சிம்பு கிளம்பாது. கடைசல் பட்டறைகளில் துண்டு விழுந்ததைக் கேட்டு வாங்கலாம். மஞ்சக்கடம்பும் நெருக்கமான ஓட்டமுள்ளது, இளமஞ்சள் நிறம், கப்பிக்கு அருமை.

தேக்கு வேண்டாம். தளப் பலகைக்குக் கூட யோசித்துத்தான் போட வேண்டும். அதன் நரம்பும் துவாரமும் இந்த ஸ்கேலில் பெரிதாகத் தெரியும், 4 மி.மீ. துண்டில் துளை போட்டால் பிளந்துவிடும். பால்சா எதற்கும் ஆகாது. மர ஆணிக்கு மூங்கில்தான், அதைத் துளைத் தகட்டில் எவ்வளவு சன்னமாக வேண்டுமானாலும் இழுக்கலாம்.

கப்பி?

டெட்ஐயை விட எளிது. கப்பியின் அகலமும் தடிமனும் கொண்ட நீளமான மரப் பட்டை எடுத்து, கயிற்றுக் குழிக்காக நீளவாட்டில் நடுவே சன்னமான பள்ளம் கீறி, கயிறு போகும் துளைகளைச் சம இடைவெளியில் போட்டு, துண்டு துண்டாக நறுக்குங்கள். மூலைகளை மழுக்க ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டாம். மூடியுள்ள டப்பாவின் உள்சுவரில் உப்புத்தாளை ஒட்டி, துண்டுகளைப் போட்டு, மூடி, டிரில்லில் பொருத்திச் சுற்றவிட்டால் ஒன்றோடொன்று உரசித் தானே உருளும். அவ்வப்போது திறந்து பாருங்கள். கூடுதலாகச் சுற்றினால் கப்பி கொண்டைக்கடலை ஆகிவிடும்.

ஐபோல்ட், வளையம், இரும்புப் பட்டை எல்லாம்?

இதை வாங்கவே வாங்காதீர்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் செப்புக் கம்பி எல்லாக் கேஜிலும் இருக்கும். 24 கேஜ் 0.56 மி.மீ., 26 கேஜ் 0.46, 30 கேஜ் 0.31. மேலே உள்ள அரக்குப் பூச்சை உப்புத்தாளால் சுரண்டிவிட வேண்டும். துரப்பண ஊசியின் தண்டில் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் குறட்டால் முறுக்கினால் ஐபோல்ட். சுருளாக நெருக்கிச் சுற்றி நீளவாட்டில் வெட்டினால் ஒரே அளவில் வளையங்கள் உதிரும்.

டெட்ஐயைக் கப்பல் பக்கத்தோடு பிணைக்கும் இணைப்புகள் இழுவை தாங்க வேண்டியவை. சாதாரண எலெக்ட்ரிக் சால்டர் அந்த இழுவைக்குப் பத்தாது. வெள்ளிப் பற்றாசும் வெங்காரமும் வைத்து ஊதிப் பற்றவையுங்கள். தெருவில் பழக்கமான நகை ஆசாரி இருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுப்பார். கருவிகளுக்குச் சென்னையில் சௌகார்பேட்டை, கோவையில் ராஜ வீதி.

கறுப்பாக்க, வெள்ளி நகையை ஆக்ஸிடைஸ் செய்யும் லிவர் ஆஃப் சல்ஃபர் செம்பில் அழகாகப் பிடிக்கும். பித்தளையில் சரியாகப் பிடிக்காது, அதற்குப் பித்தளைக்கென்றே விற்கும் கறுப்பாக்கும் திரவம் வேண்டும். எதுவானாலும் முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் நிறம் ஏறாது. பெயிண்ட் அடிப்பதைவிட இது மேல், உரிந்து வராது, துளையும் அடைபடாது.

இருக்கும் ஒரு பீரங்கியை வைத்து மற்றவற்றை வார்ப்பது எப்படி?

இரண்டு பாகமாகக் கலக்கும் சிலிக்கான் ரப்பரில் இரண்டு பாதி அச்சு. மாதிரிப் பீரங்கியைப் பாதி வரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் அட்டைச் சுவர் கட்டி, சிலிக்கானை ஒரு மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு, முதல் பாதியின் மேல் வாசலின் தடவி, அடுத்த பாதியை ஊற்றுங்கள். வாசலின் தடவ மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். கந்தகம் கலந்த மாடலிங் களிமண் பட்டால் பிளாட்டினம் வகைச் சிலிக்கான் இறுகவே இறுகாது. லேடெக்ஸ் கையுறை பட்டாலும் அப்படித்தான். டின் வகை இந்த விஷயத்தில் சொன்னபடி கேட்கும்.

உள்ளே ஊற்றுவது ரெசினா (இறுகிப் பிளாஸ்டிக் போலாகும் திரவம்) உலோகமா? பெயிண்ட் அடிக்கப் போகிற சாமானுக்கு ரெசின் போதும். உலோகம்தான் என்றால் வெப்பம் தாங்கும் தனிச் சிலிக்கான் வேண்டும், சாதாரண வகை சில வார்ப்பிலேயே கருகும். ஈயமில்லாத சால்டர், அதாவது வெள்ளீயத்தில் அரை சதவீதத்துக்கு மேல் செம்பு சேர்ந்தது, 227 டிகிரி செல்சியஸில் உருகும், வார்ப்புக்கு நன்றாகவே வரும். அச்சில் முகப்பவுடர் தூவித் தட்டிவிட்டு ஊற்றினால் ஓரம் வரை ஓடும். துளி ஈரம் இருந்தாலும் தெறிக்கும், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். உருக்கும் கரண்டி திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

நகலிலிருந்து நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இம்மி இம்மியாகச் சுருங்கி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிடும். மூலம் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதிலிருந்தே புது அச்சு எடுங்கள்.

3டி பிரிண்ட் செய்தால் இத்தனை பாடு எதற்கு?

பீரங்கி, வண்டி, விளக்கு, பின்புற அலங்காரம் இவற்றுக்கு ரெசின் பிரிண்டர் அருமையான வழி. 0.05 மி.மீ. அடுக்கில் புளோம்ஃபீல்டு வளையம்கூடத் துல்லியமாக வரும். 1:72-க்கு வரைந்த கோப்பு கிடைத்தால் 1:98-க்கு 73.5 சதவீதமாகச் சுருக்கினால் போதும். ஆனால் சுருக்கும்போது சுவர்த் தடிமனும் சுருங்கும், ஓட்டையாகிவிடாமல் பாருங்கள். பிரிண்ட் ஆகும்போது முட்டுக்கொடுக்கும் தாங்குகால்களை வண்டியின் அடிப்பக்கம் வரும்படி வையுங்கள்.

இழுவை தாங்க வேண்டிய எதையும் ரெசினில் செய்யாதீர்கள். பிலேயிங் பின் ரெசினில் எடுத்தால் கயிறு சுற்றும்போதே ஒடியும். பித்தளைக் கம்பியை டிரில்லில் பிடித்து அரத்தால் உருவம் கொடுப்பதே மேல். நகை காஸ்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் இன்னொரு வழி உண்டு: உருகிப்போகும் ரெசினில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் பித்தளையில் வார்த்துத் தருவார்கள். நங்கூரத்துக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது, கையுறை கட்டாயம்.

பழைய மாதிரியில் பீரங்கிகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தும் திரும்ப வருகிறது.

அது தூசி அல்ல, பூஞ்சையும் அல்ல. ஈயம் அரிக்கிறது. பழைய கிட்டுகளில் பல உலோகச் சாமான்கள் ஈயம் அதிகம் கலந்த வார்ப்பு. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி மெதுவாகக் கசியும். ஓக் மரம், பிளைவுட், வெள்ளை மரப்பசை இவை முக்கியக் குற்றவாளிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி, ஈயத்தோடு சேர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு வினைபுரிந்து ஈயக் கார்பனேட் ஆகிறது. அந்த வினையில் அமிலம் திரும்ப வெளிப்படுவதால் அரிப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். சாமான் உப்பி, பெயிண்டைப் பிளந்து, கடைசியில் பொடியாக உதிரும். அமெரிக்கக் கடற்படையின் மாதிரிக் கப்பல்களைப் பராமரிப்பவர்கள் இதைப் பற்றிப் பல காலமாக எச்சரித்துவருகிறார்கள். அவர்களுக்குச் செய்து கொடுக்கும் மாதிரிகளில் ஈயம் கூடாது என்பது நிபந்தனை.

பெயிண்டோ வார்னிஷோ பூசித் தடுக்கப் பார்ப்பது வீண். ஆவி உள்ளே போய்விடும். அந்தச் சாமான்களை எடுத்துவிட்டுப் பித்தளை, ரெசின் அல்லது ஈயமில்லாத உலோகத்தில் மாற்றுவதுதான் தீர்வு. புளூஜாக்கெட் வார்க்கும் பிரிட்டானியா உலோகம் பெரும்பாலும் வெள்ளீயம், ஈயம் கிடையாது. உங்கள் சாமான் ஈயமா என்று தெரிய, அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கீறியதுபோல் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் ஈயம் அதிகம் என்று சந்தேகப்படலாம்.

பொடியை ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். நச்சு. முகமூடி போட்டு, ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. மாற்றிய பிறகு கண்ணாடிப் பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளை விடுங்கள். அடியில் சில, மேலே சில.

செப்புத் தகடு பத்தவில்லை. வேறு எதை ஒட்டலாம்?

செப்புப் பட்டை டேப். பின்னால் பசையோடு சுருளாக வரும். விக்டரியின் அடிப்பாகத்துக்கு 1780-இல் செப்புத் தகடு அடித்தார்கள், 4 அடிக்கு 14 அங்குலத் தகடுகள், 4,000-க்குச் சற்றுக் குறைவு. 1:72-இல் ஒரு தகடு 17-க்கு 5 மி.மீ., 1:98-இல் 12.4-க்கு 3.6. பழைய தகடும் புது டேப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பளபளப்பு வேறுபடும். புதிதாக ஒட்டுவதைக் கப்பலின் அடிமட்டத்துக்கு ஒதுக்குங்கள், நீர்க்கோட்டு வரிசைக்குப் பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் வந்த கயிறு பஞ்சுபஞ்சாக இருக்கிறது.

தூக்கிப் போடுங்கள். நல்ல பாலியஸ்டர் தையல் நூலை மூன்றாக முறுக்கிக் கயிறு திரித்துக்கொள்ளலாம். ஒரு முனையில் மூன்று கொக்கி, மறுமுனையில் ஒன்று, நடுவில் மூன்று காடியுள்ள கூம்பு. பொம்மை மோட்டாரே போதும். கடையில் வரும் தையல் நூல் வலமுறுக்கு. அதை அப்படியே திரித்தால் இடமுறுக்குக் கயிறு கிடைக்கும். உண்மைக் கப்பலில் நங்கூரக் கயிறு இடமுறுக்குத்தான், ஆனால் மற்றதில் பெரும்பகுதி வலமுறுக்கு. அதற்கு, இப்படித் திரித்த மூன்று கயிறுகளை எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை திரிக்க வேண்டும், அல்லது இடமுறுக்கு நூல் தேட வேண்டும். 1:98-இல் 0.3 மி.மீ. கயிற்றின் முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கிறவர் அரிது. ஷ்ரவுடில் மட்டும் சரியாகச் செய்தால் போதும் என்பது என் கருத்து. நிறம்: ஷ்ரவுட் போன்ற நிலைக்கயிறுகள் தார் பூசியவை, கரும்பழுப்பு. ஓடும் கயிறுகள் வெளிர் பழுப்பு. கட்டுவதற்கு முன் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிடுங்கள், பிசிறு படியும்.

நங்கூரத்துக்குக் கிட்டில் கொடுத்த சங்கிலி தொலைந்துவிட்டது. கவரிங் நகைக் கடைச் சங்கிலி போடலாமா?

எந்தச் சங்கிலியும் போட வேண்டாம். 1805-இல் விக்டரியின் நங்கூரத்துக்குச் சங்கிலி கிடையாது, ஹெம்ப் நாரில் திரித்த கயிறுதான். மேலே கணக்குப் போட்ட அதே 24 அங்குலக் கயிறு. தையல் நூலில் திரித்த இடமுறுக்குக் கயிற்றை 1:98 என்றால் 2 மி.மீ., 1:72 என்றால் 2.7 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்து நங்கூர வளையத்தில் கட்டுங்கள்.